சிடுசிடுப்புக்குப் பின்னால்

மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பதின்வயதில் அது எரிச்சலாகவும் தலைகாட்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேடே, சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் மட்டும் சோகத்துக்குப் பதிலாகச் சிடுசிடுப்பையும் அறிகுறியாக ஏற்கிறது.

இது தெரியாததால்தான் வீட்டில் வம்பு. ‘சாப்பிட வாடா’ என்றால் கதவு அறைந்து சாத்தப்படுகிறது. திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தால் ஒன்றுமில்லை. சாயங்காலமானால் கிரிக்கெட் மட்டையோடு ஓடியவன், நண்பர்கள் வாசலில் நின்று கூப்பிட்டாலும் எட்டிப்பார்ப்பதில்லை. ‘திமிர்’ என்கிறார் அப்பா. ‘எல்லாம் அந்த செல்போனால் வந்தது’ என்கிறார் பாட்டி.

திமிராகவும் இருக்கலாம்தான். இந்த வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் தாமதமாகச் சுரப்பதால், இரவு கண்விழிப்பதும் காலையில் எழ மறுப்பதும் இயல்பே. பிறகு எதை வைத்துப் பிரித்தறிவது? பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அதே பிள்ளை ஆறு மாதம் முன்பு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். மாற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா, தூக்கம், சாப்பாடு, படிப்பு, நட்பு என்று பல பக்கமும் பரவுகிறதா என்பதே கேள்வி. பிடித்த விஷயமே பிடிக்காமல் போவதை மருத்துவர்கள் தனியாகக் கவனிக்கிறார்கள். மதிப்பெண் சரிவதற்காகப் பதறும் பெற்றோர், கிரிக்கெட்டை விட்டதற்கு உள்ளூர மகிழ்ந்துபோவதும் உண்டு!

உலக அளவில் 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் மனநலப் பாதிப்போடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் ஐந்தாறு பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி’ என்ற பேச்சு, ஆசையாக வைத்திருந்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, உடலில் கீறிக்கொண்ட தழும்புகளை மறைக்க வெயிலிலும் முழுக்கைச் சட்டை: இவற்றைக் கண்டால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. ‘செத்துப்போகலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். பெற்றோரும் அழைக்கலாம்.