தீப்பெட்டிப் படத்துக்கு வயது என்ன?

அணில், காக்கா, கிளி, ரோஜா, மூன்று நட்சத்திரம், சைக்கிள், விமானம். சிவகாசி வட்டாரத் தீப்பெட்டிகளின் தலையில் ஏறாத உருவம் அநேகமாக எதுவும் இல்லை. ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவில் பொறுக்கிச் சேர்த்துச் சீட்டுப் போல வைத்து விளையாடிய அந்தப் படங்களை இன்று பெரியவர்கள் விலை கொடுத்து வாங்கி ஆல்பத்தில் வைக்கிறார்கள்.

பழைய படம் ஒன்று கையில் கிடைத்ததும், ‘இது எந்த வருஷத்தது?’ என்ற கேள்விதான் முதலில் எழும். படம் அதற்குப் பதில் சொல்லாது. 1940இல் அச்சடித்த கிளியும் கிளிதான், 1980இல் அச்சடித்த கிளியும் கிளிதான். விற்பனையான சித்திரத்தை எந்த முதலாளியும் எளிதில் மாற்ற மாட்டார். பதில் வேண்டுமானால் படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஊர், மாவட்டம், விலை ஆகியவற்றைப் படிக்க வேண்டும். படம் முதலாளி ஆசைப்பட்டு அச்சடித்தது. பொடி எழுத்தோ பெரும்பாலும் சட்டத்துக்காகவும் தபாலுக்காகவும் அச்சடித்தது. வயதைக் காட்டிக்கொடுப்பது இந்த இரண்டாவதுதான்.

உலகெங்கும் பழம்பொருள் சேகரிப்போர் இப்படித்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பழைய மடக்குக் கத்திகளைச் சேர்ப்பவர்கள் கைப்பிடியின் அழகை வைத்து வயது சொல்வதில்லை. அலகைத் திறந்து, அது கைப்பிடியோடு சேரும் அடிப்பகுதியில் குத்தியிருக்கும் முத்திரையைப் படிப்பார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டு நகரில் கத்தி செய்த கேஸ் நிறுவனம் 1965 முதல் 1969 வரை தன் முத்திரையில் ‘யு.எஸ்.ஏ.’ என்று சேர்த்தது. 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தது. புள்ளியை எண்ணினால் வருஷம் கிடைத்துவிடும். நம் தீப்பெட்டி முதலாளிகள் யாரும் சேகரிப்பாளருக்காகப் புள்ளி வைக்கவில்லை. மாவட்டங்களைப் பிரித்த அரசும், நாணயத்தை மாற்றிய சட்டமும், தபால் துறையும் சேர்ந்து அந்த வேலையைச் செய்துவைத்திருக்கின்றன.

எப்படி இத்தனை படங்கள்?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பெரும்பாலும் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்த தீப்பெட்டிகளே விற்றன. 1922இல் இறக்குமதி வரி ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாயாக உயர்ந்தது. உள்ளூரில் செய்தாலும் கட்டுப்படியாகும் என்ற நிலை வந்தது. அந்தக் காலத்தில்தான் சிவகாசியின் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். பின்னர் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தியபோது அய்ய நாடாருக்கு அணிலும் சண்முக நாடாருக்குக் காக்காவும் அடையாளமாயின. சண்முக நாடாரை ‘காக்கா சண்முக நாடார்’ என்றே ஊர் அழைத்தது. சுவீடன் நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 1923இல் விம்கோ என்ற பெயரில் இந்தியாவிலேயே இயந்திர ஆலைகளைத் தொடங்கியது. நாம் கப்பல் தீப்பெட்டி என்று வாங்கியது அதன் சரக்குதான்.

மழை குறைந்த கரிசல் பூமி, காயவைக்க வசதியான வெயில், விவசாயம் கைவிட்டதால் வேலை தேடிய கைகள் ஆகிய மூன்றும் சேர்ந்து சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் ஊருக்கு ஊர் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ முளைத்தது. கையால் செய்யும் சிறு ஆலைகளுக்கு உற்பத்தி வரியில் சலுகை இருந்ததால், ஒரே பெரிய ஆலையாக வளர்வதைவிடப் பல சிறிய ஆலைகளாக இருப்பதே லாபம். ஆலைக்கு ஆலை மார்க் வேண்டும். வங்காளத்துக்குப் போகும் சரக்குக்கு ஒரு மார்க், கேரளத்துக்கு வேறொன்று. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் ‘அணில் பெட்டி குடு’ என்று கேட்டு வாங்க வேண்டும் என்பதால் பெயரைவிட உருவம் முக்கியமானது. சிவகாசி அச்சுத் தொழில் வளர்ந்ததற்குத் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டிய இந்த லேபிள்களும் ஒரு காரணம்.

பொடி எழுத்தைப் படிப்பது

முதலில் மாவட்டத்தைப் பாருங்கள். சிவகாசியும் சாத்தூரும் 1985 மார்ச் வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. ஆங்கில எழுத்தில் ‘ராம்நாட்’ என்று சுருக்கி அச்சடித்திருப்பார்கள். 1985இல் மாவட்டம் பிரிந்து காமராஜர் மாவட்டம் பிறந்தது. 1997இல், சாதிக் கலவரங்களை அடுத்து, மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியபோது அது விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. கோவில்பட்டி லேபிளுக்கும் இதே போல ஒரு வரிசை உண்டு. 1986 வரை திருநெல்வேலி, பிறகு சிதம்பரனார் மாவட்டம், 1997 முதல் தூத்துக்குடி.

அடுத்து மாநிலம். ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்றிருந்தால் அது 1969 ஜனவரிக்கு முந்தைய வழக்கு. தமிழ்நாடு என்ற பெயர் அப்போதுதான் சட்டப்படி வந்தது. ஊர்ப் பெயரோடு ஆறு இலக்க எண் இருந்தால் லேபிள் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. பின்கோடு அன்றுதான் அறிமுகமானது. சிவகாசிக்கு 626123, சாத்தூருக்கு 626203.

விலை அச்சாகியிருந்தால் இன்னும் நல்லது. அணா, பைசாவாக மாறியது 1957 ஏப்ரல் 1இல். ‘நயா பைசா’ என்ற சொல் 1964 நடுப்பகுதி வரைதான் வழக்கில் இருந்தது. அரை ரூபாய்ப் பெட்டி 2007இல் ஒரு ரூபாயாகி, பதினான்கு ஆண்டு அங்கேயே நின்று, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆனது. தயாரிப்பாளர் முகவரி, எண்ணிக்கை, விலை எல்லாம் ஒழுங்காக அச்சான லேபிள் என்றால் 1977இல் வந்த பொட்டலப் பொருள் விதிகளை நினைத்துக்கொள்ளலாம்.

வரியும் தடயம் விட்டிருக்கிறது. 1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. கட்டியதற்கு அத்தாட்சியாக ‘பேண்டரோல்’ என்ற காகிதப் பட்டையைப் பெட்டியில் ஒட்ட வேண்டியிருந்தது. லேபிளின் மேல் அந்தப் பட்டையின் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கிழித்துவிடாதீர்கள், அதுவும் சான்றுதான்.

படத்திலும் சில சமயம் விடை கிடைக்கும். மூவர்ணக் கொடியின் நடுவில் இராட்டை இருந்தால் அது காங்கிரஸ் கொடி, அசோகச் சக்கரம் இருந்தால் 1947 ஜூலைக்குப் பிந்தைய தேசியக் கொடி.

இங்கே ஓர் எச்சரிக்கை. அச்சடித்த லேபிளை யாரும் வீசுவதில்லை. மாவட்டம் மாறிய மறுநாளே கையிருப்பு தீர்ந்துவிடாது, அச்சகத்தில் பழைய கல்லும் பிளேட்டும் இருக்கும். ஆகவே புதிய பெயர் ஒரு லேபிளில் இருந்தால் ‘இதற்கு முன்னால் அல்ல’ என்று உறுதியாகச் சொல்லலாம். பழைய பெயரை வைத்து ‘இதற்குப் பின்னால் அல்ல’ என்று அடித்துச் சொல்ல முடியாது. பின்கோடு இல்லாததாலேயே லேபிள் 1972க்கு முந்தையது ஆகிவிடாது. ஒரு தடயத்தை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்ப்பதே முறை.

லென்ஸ் வைத்துப் பார்த்தால்

எழுத்து கைவிடும்போது அச்சு பேசும். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற பத்து மடங்கு லென்ஸ் போதும். பழைய கல்லச்சில் ஓவியர் ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியே வரைவார். நிழல் வேண்டிய இடத்தில் கையால் புள்ளி வைப்பார். அந்தப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், சில பெரிதும் சில சிறிதுமாக இருக்கும். வண்ணம் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் கிளியின் சிவப்பு மூக்கை விட்டுச் சற்றே விலகியும் நிற்கும். பிந்தைய ஆப்செட்டில் புள்ளிகள் வரிசை தவறாமல், நான்கு வண்ணமும் பின்னிக்கொண்டு தெரியும்.

பெட்டியின் உடம்பையும் பாருங்கள். முன்பு மேல்பெட்டியும் அடிப்பெட்டியும் மெல்லிய மரச்சீவலை மடக்கிக் காகிதம் சுற்றியவை. லேபிள் தனித்தாளாக அச்சாகி மேலே ஒட்டப்பட்டது. பிறகு அட்டைப்பெட்டி வந்து, படம் நேரே அட்டையிலேயே அச்சானது. லேபிள் கோணலாக ஒட்டியிருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். குரோஸ் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு வீட்டில் அமர்ந்து ஒட்டிய கைகளின் வேகம் அது. அவற்றில் சிறுபிள்ளைகளின் கைகளும் இருந்தன. தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் சிறுவர்களை அமர்த்துவதைத் தடைசெய்த பட்டியலோடு மத்தியச் சட்டம் வந்தது 1986இல்.

சேகரிப்பாளரை அதிகம் குழப்புபவை போலி மார்க்குகள். நன்றாக ஓடும் மார்க்கின் நிறத்தையும் அமைப்பையும் அப்படியே எடுத்து, பெயரில் ஓர் எழுத்தையோ உருவத்தின் கையில் இருப்பதையோ மட்டும் மாற்றி வேறு ஆலை சந்தைக்கு விடும். அன்றைக்கு அது வியாபாரத் திருட்டு. இன்றைக்கு அசலையும் சாயலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் ஆல்பத்தின் சுவையான பக்கம். விலக்க வேண்டியது இப்போது கலர் பிரின்ட் எடுத்துப் ‘பழசு’ என்று விற்பதை. இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். வெண்மையேற்றும் ரசாயனம் கலந்த நவீன காகிதம் நீலமாக ஒளிரும். 1930களின் காகிதம் அப்படி ஒளிராது.

பிரிப்பதும் காப்பதும்

மரப்பெட்டியிலிருந்து லேபிளை நகத்தால் உரிக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால் பசை இளகித் தானே கழன்று வரும். சிவப்பும் ஊதாவும் சாயம் விடக்கூடும் என்பதால் ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பிறகு மையொற்றும் தாள்களுக்கு இடையில் வைத்துப் பாரம் ஏற்றிக் காயவிடுங்கள். அட்டையில் நேரே அச்சானதை நனைக்காமல், ஒட்டைப் பிரித்துத் தட்டையாக்கினால் போதும். மிச்சப் பசை பூச்சியை அழைக்கும், செலோடேப் கறை வைக்கும், லேமினேஷன் செய்தால் காகிதத்தைத் திரும்ப மீட்க முடியாது. குச்சி நிறைந்த பழைய பெட்டிகளைக் குவித்து வைப்பது ஆபத்து. குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ், இரண்டும் உரசினால் பற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் யோசனை ‘காமராஜர் மாவட்டம்’ என்று அச்சான லேபிள்களை மட்டும் தேடுங்கள் என்பது. 1985க்கு முன் அந்தப் பெயரே கிடையாது. 1997க்குப் பின் பழைய கையிருப்பு தீரும் வரைதான் அது ஓடியிருக்கும். இவ்வளவு உறுதியான எல்லை வேறெந்தத் தொகுப்பிலும் எளிதில் அமையாது. பெரிய நிறுவனங்களின் கதையை அவர்களே எழுதிக்கொள்வார்கள். மூடிப்போன சிறு ஆபீஸ்களில் பலவற்றுக்கு இந்தச் சிறு காகிதத்தை விட்டால் வேறு ஆவணம் மிஞ்சியிருக்காது. லேபிளில் உள்ள ஊருக்குப் போய், அந்த ஆபீஸ் எங்கே இருந்தது, எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், சரக்கு எந்தப் பக்கம் போனது என்று கேட்டுத் தனித்தாளில் எழுதிப் படத்தோடு சேர்த்து வையுங்கள். அங்கே குச்சி அடுக்கியவர்களும் லேபிள் ஒட்டியவர்களும் இன்னும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள இதுதான் நேரம்.