இருப்பவரும் வருபவரும்: இளம் கூடைப்பந்து வீரரை எடைபோடும் முறை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், குறிப்பாகப் பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் எல்லையோரமாக அமைந்துள்ள ஓசூரில், கூடைப்பந்து ஆடும் பள்ளி மாணவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பள்ளி அணியிலும் மாவட்ட அணியிலும் அரசு விளையாட்டு விடுதிகளிலும் உள்ள இடங்கள் மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் தேர்வாளர்களின் முன் ஒரே கேள்வி எழுகிறது. ஓராண்டு, ஈராண்டு பயிற்சி பெற்று இன்னும் முழுமையாகத் தேறாத ஒரு மாணவரை அணியில் தொடர வைப்பதா, அல்லது தேர்வு நாளில் வந்து நிற்கும், அவரைவிட உயரமான புதியவருக்கு அந்த இடத்தைக் கொடுப்பதா என்பதே அது.

உலகின் முதன்மையான தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான அமெரிக்காவின் என்.பி.ஏ.விலும் இதே கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. அங்கே 'டிராஃப்ட்' எனப்படுவது, 30 அணிகளும் புதிதாக வரும் இளைஞர்களை இரண்டு சுற்றுகளில் வரிசைமுறைப்படி தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்குக் குலுக்கல் முறையில் முன்வரிசை கிடைக்கும். கையில் இருக்கும் இளம் வீரரைவிட வரப்போகும் இளைஞர் மேலானவரா என்பதை அந்த அணிகள் கோடிக்கணக்கில் செலவிட்டு ஆராய்கின்றன. அவ்வளவு ஆராய்ந்தும் அடிக்கடி தவறுகின்றன. 2014ஆம் ஆண்டு 41ஆவது இடத்தில் தேர்வான செர்பியாவின் நிக்கோலா யோகிச், பின்னர் மூன்று முறை அப்போட்டியின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார் என்பதே இதற்குப் போதிய சான்று.

தவறுக்கான முதன்மைக் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. அணியில் இருப்பவரின் குறைகள் பல மாதங்களாகப் பலர் கண்ணில் பட்டவை. புதிதாக வருபவரின் குறைகளோ இனிமேல்தான் தெரியவரும். தெரிந்த குறையையும் தெரியாத குறையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும்போது, புதியவரின் பக்கமே எப்போதும் இலேசாகச் சாயும். இந்தச் சாய்வைச் சரிசெய்ய வேண்டுமானால், இருவரையும் இன்றைய நிலையில் ஒப்பிடாமல், ஒரே வயதில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று ஒப்பிட வேண்டும். பதினாறு வயது மாணவரின் பக்கத்தில் பதினான்கு வயதுப் புதியவரை நிறுத்துவதால் பயனில்லை. அந்தப் பதினாறு வயது மாணவர் தமது பதினான்காம் வயதில் எவ்வளவு உயரம் இருந்தார், எந்த வேகத்தில் ஓடினார், இடது கையால் பந்தைத் தட்டிச் செல்ல அப்போது அவரால் முடிந்ததா என்பவையே ஒப்பீட்டுக்கு உதவும்.

புதியவரைத் தேர்ந்தெடுப்பது எப்போதுமே பிழை என்று இதற்குப் பொருளில்லை. 2011ஆம் ஆண்டு என்.பி.ஏ.வின் சான் அன்டோனியோ அணி, தன்னிடம் மூன்று பருவங்கள் நன்றாக ஆடித் தேறியிருந்த 25 வயது ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்து, 15ஆவது இடத்தில் தேர்வான 19 வயது கவாய் லெனார்டைப் பெற்றுக்கொண்டது. லெனார்டு தொலைவிலிருந்து பந்தை எறிவதில் அப்போது பலவீனமானவர் என்றே கருதப்பட்டார். ஆனால் அவருடைய கைகள் அசாதாரண நீளமும் உள்ளங்கைகள் அசாதாரண அகலமும் கொண்டவை. எறியும் முறையைப் பயிற்சியாளர் கற்றுக்கொடுத்துத் திருத்தலாம், கையின் நீளத்தை எவராலும் கற்றுக்கொடுக்க முடியாது என்ற தெளிவு அந்த அணிக்கு இருந்தது. 2014இல் அந்த அணி பட்டம் வென்றபோது இறுதிச் சுற்றின் சிறந்த வீரராக லெனார்டே தேர்வானார்.

ஆகவே திருத்தக்கூடியது எது, திருத்த முடியாதது எது என்று பிரித்துப் பார்ப்பதே மதிப்பீட்டின் உயிர்நாடி. உயரத்தைவிட அதிகம் கவனிக்கத்தக்கது கைவீச்சு, அதாவது சுவரில் முதுகு ஒட்ட நின்று இரு கைகளையும் பக்கவாட்டில் முழுவதும் நீட்டினால் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை உள்ள நீளம். பெரும்பாலோருக்கு இது உயரத்தை ஒட்டியே அமையும். கைவீச்சு உயரத்தைவிட நாலைந்து அங்குலம் கூடுதலாக இருக்கும் மாணவரை, உடல் ஒல்லியாக இருப்பதைக் காட்டி ஒதுக்குவது பெரும் இழப்பு. உடல் வலிமை பின்னால் வந்து சேரும். 2007ஆம் ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய சோதனையில் ஏறத்தாழ 84 கிலோ எடையை ஒருமுறைகூடத் தூக்க முடியாத கெவின் டூரன்ட், அந்த ஆண்டு இரண்டாவது இடத்தில் தேர்வாகி, 2014இல் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். எறிதலைப் பொறுத்தவரை, ஓர் ஆட்டத்தில் எத்தனை பந்துகள் கூடையில் விழுந்தன என்பதைவிட, எவரும் தடுக்காத நிலையில் 4.6 மீட்டர் தொலைவிலிருந்து எறியும் 'ஃப்ரீ த்ரோ'வில் மணிக்கட்டும் முழங்கையும் ஒவ்வொரு முறையும் ஒரே பாதையில் செல்கின்றனவா என்பது எதிர்காலத்தைத் தெளிவாகச் சொல்லும்.

பள்ளி வயதில் இதைவிடச் சிக்கலானது வளர்ச்சிப் பருவம். ஆண்பிள்ளைகள் பொதுவாக 13, 14 வயதிலும் பெண்பிள்ளைகள் அதற்கு ஏறத்தாழ ஈராண்டு முன்னதாகவும் மிக வேகமாக உயர்கிறார்கள். ஆனால் ஒரே வகுப்பில் படிக்கும் இருவரின் உடல் முதிர்ச்சியில் இரண்டு, மூன்று ஆண்டு வேறுபாடு இருப்பது இயல்பு. முன்னதாக வளர்ந்துவிட்டவர் தேர்வு நாளில் அனைவரையும் தோள் உயரத்தால் வென்றுவிடுவார். அடுத்த ஈராண்டில் அவர் அதே உயரத்தில் நின்றுவிட, தாமதமாக வளர்ந்தவர் அவரைத் தாண்டிச் செல்வதும் உண்டு. ஒரே ஆண்டில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் உயர்ந்த மாணவருக்குக் கால்கள் சில மாதங்கள் சொன்னபடி கேட்காது. பந்து அடிக்கடி கைநழுவும். அந்த மாதங்களில் அவரை அணியிலிருந்து நீக்கும் தேர்வாளர், வளர்ச்சியைத் தளர்ச்சி என்று தவறாகப் படிக்கிறார்.

உயரம் மட்டும் போதாது என்பதற்கு இந்தியாவிலேயே எடுத்துக்காட்டு உண்டு. பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தைச் சேர்ந்த, 7 அடி 2 அங்குல உயரமுடைய சத்நாம் சிங் 2015இல் டல்லாஸ் அணியால் 52ஆவது இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு, என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர் ஆனார். ஆயினும் அந்தப் போட்டியின் ஓர் ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை. மறுபுறம், 19 வயதிலேயே இந்திய மகளிர் அணிக்குத் தலைமையேற்ற சென்னையின் அனிதா பால்துரை, குழந்தைப் பேற்றுக்குப் பிறகும் களத்துக்குத் திரும்பி, 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதுவரை உயர்ந்தார். ஆண்டாண்டாகத் தொடரும் உழைப்பை ஒருநாள் தேர்வில் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கண்டுவிட முடியாது.

ஓசூருக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. சிப்காட் தொழிற்பேட்டைகளை நம்பிப் பல மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வரும் குடும்பங்கள் வேலை மாறும்போது வீட்டையும் பள்ளியையும் மாற்றுகின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் அணித் தோழர்களில் சிலர் அடுத்த ஆண்டு அத்திப்பள்ளிக்கு அப்பால் கர்நாடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்துவிடுகிறார்கள். மாணவரின் வளர்ச்சியைத் தொடர்ந்து கவனித்த உடற்கல்வி ஆசிரியரின் நினைவு மட்டுமே பதிவேடாக இருக்கும்வரை, பள்ளி மாறிய நாளிலேயே அந்தப் பதிவு அழிந்துவிடும்; புதிய பள்ளியில் அந்த மாணவர் மீண்டும் ஒருநாள் தேர்வுக்கு வந்த முகமறியாப் பிள்ளையாகவே நிற்பார்.

இந்த இழப்பைத் தவிர்க்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. உடற்கல்வி ஆசிரியர்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு மாணவரின் உயரம், கைவீச்சு, எடை, இருபது ஃப்ரீ த்ரோக்களில் விழுந்தவை ஆகியவற்றைப் பிறந்த மாதத்துடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி, பள்ளி மாறும் பிள்ளையிடம் மாற்றுச் சான்றிதழோடு அதன் நகலையும் கொடுத்தனுப்ப வேண்டும்; மாவட்டத் தேர்வாளர்களும் அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே எவரையும் சேர்க்கவோ நீக்கவோ வேண்டும்.