யூடியூபில் மரியோ ஏன் வேகமா ஓடுறாரு? பழைய டிவி கேமை புது டிவியில் இணைப்பது எப்படி?

யூடியூபில் சூப்பர் மரியோ வீடியோவைப் பார்க்கும் 90ஸ் கிட்ஸுக்கு ஒரு சந்தேகம் வரலாம். ‘என்னடா இது, இவ்வளவு வேகமா ஓடுறாரு?’ ஃபாஸ்ட் ஃபார்வேர்டு எல்லாம் இல்லை. அதுதான் ஒரிஜினல் வேகம். நம் வீட்டு டிவியில் ஓடியதுதான் ஸ்லோ!

50-க்கும் 60-க்கும் என்ன சண்டை?

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அப்போது இருந்த டிவி முறை என்டிஎஸ்சி. 525 கோடுகள், நொடிக்குச் சுமார் 60 முறை படம் மாறும். 1982-ல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோது இந்தியா எடுத்துக்கொண்டது பிஏஎல் முறை. இதில் 625 கோடுகள், நொடிக்கு 50 முறை.

1983-ல் ஜப்பானில் வெளியான நின்டெண்டோவின் ஃபேமிகாம், 60-ஐ நம்பிச் செய்யப்பட்டது. மரியோ எவ்வளவு நகர வேண்டும் என்பதை கேம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முறை கணக்கிடும். படம் குறைந்தால் மரியோவும் மெதுவாகிவிடுவார். அங்கே 60 நொடியில் முடியும் காட்சி இங்கே 72 நொடி இழுக்கும்.

அப்போ இங்கே எப்படி ஓடியது?

சாமுராய், லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் போன்ற பெயர்களில் இங்கே விற்றவை ஃபேமிகாமின் நகல்கள். இப்படிப்பட்ட நகல்கள் பலவற்றின் உள்ளே இருந்தவை தைவானின் யுஎம்சி நிறுவன சிப்கள். அதன் பிஏஎல் சிப்பில் ஒரு தந்திரம் உண்டு. ஒரு படத்துக்கு 262 கோடுகள் என்பதை 312 ஆக்கி, கூடுதலான 50 கோடுகளின் நேரத்தையும் சும்மா கழித்துவிடும். அதற்குப் பிறகுதான் ‘படம் முடிந்தது’ என்று கேமுக்குச் சொல்லும். அதனால் ஜப்பான் கேசட்டுகள் எந்த மாற்றமும் இல்லாமல் ஓடின. பாட்டின் சுருதி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். தாளம் மட்டும் மெதுவாகும்.

புது டிவியில் என்ன பிரச்னை?

இந்த கேம்கள் அனுப்புவது சுமார் 240 கோடுகள் கொண்ட எளிய சிக்னல். பல ஸ்மார்ட் டிவிகள் இதை வேறு வகை சிக்னல் என்று தவறாகப் புரிந்துகொள்கின்றன. விளைவு, படம் மங்கும், ஆடும். பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் மரியோ குதிப்பார். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த என்டிஎஸ்சி கன்சோல், பிஏஎல் மட்டும் தெரிந்த டிவியில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். பல நேரம் கேம் கெட்டுப்போகவில்லை, டிவிக்கு அதன் பாஷை புரியவில்லை, அவ்வளவுதான்.

என்ன மாற்றலாம்?

* ஆன்டெனா வயர் மட்டும் உள்ள கன்சோலில் டிரான்சிஸ்டர் வைத்த சின்ன சர்க்யூட் சேர்த்தால் ஏவி அவுட்புட் எடுக்கலாம். செலவு குறைவு.

* ரெட்ரோடிங்க் போன்ற கருவிகள் பழைய சிக்னலைச் சரியாகப் புரிந்துகொண்டு எச்டிஎம்ஐ ஆக்கும். கன்சோலில் சால்டரிங் தேவையில்லை. மலிவான ஏவி கன்வெர்ட்டர்களில் தாமதம் அதிகமாக வாய்ப்புண்டு.

* ஆர்கேட் போர்டுகளின் சிக்னல் சுமார் 15 கிலோஹெர்ட்ஸ். சாதாரண விஜிஏ மானிட்டர் எதிர்பார்ப்பது 31. நடுவில் ஜிபிஎஸ்-8200 போன்ற போர்டு வைப்பது வழக்கம்.

* நகல் கன்சோலை 60-க்கு மாற்ற வேண்டுமா? திறந்து பாருங்கள். தனித்தனியாக இரண்டு பெரிய சிப்கள் இருந்தால், அவற்றையும் கிரிஸ்டலையும் மாற்றி முயற்சிக்கலாம். ஒரே கறுப்புப் பொட்டு மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். எல்லாமே அதற்குள் அடக்கம்.

கவனிக்க வேண்டியவை

பழைய டியூப் டிவியை ஆஃப் செய்த பிறகும் அதன் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். திறக்கவே வேண்டாம். அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, நம் 230-ல் நேரடியாகச் செருகினால் புகைதான் வரும்.

பாலவாக்கம் மாதிரி கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று கேசட் பின்களை அரித்துவிடும். வாயால் ஊதுவது ஈரத்தைத்தான் சேர்க்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு போதும்.

சிப்பை மாற்றிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம், சின்ன வயதில் பழகிய அந்த ஸ்லோ மரியோவும் போய்விடுவார். எனவே வெளியே வைக்கும் கருவியை முதலில் முயற்சிப்பது நல்லது. பரணில் கிடக்கும் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடும் முன், ஒரு பழைய டிவியில் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.