விண்ணிலிருந்து நம் வீட்டிற்கு

“கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் காட்டுவானா?” என்று நம் முன்னோர் கேலியாகக் கேட்டனர். இன்றோ, கூரையேறி ஒரு டிஷ்ஷைச் சரியாகத் திருப்பத் தெரிந்தவர், வானிலிருந்து வரும் காட்சிகளை வீட்டிற்குள் இறக்கிவிடலாம். ஆனால் தொலைக்காட்சிக்கு அருகே வைக்கும் ரிசீவர் பெட்டியை அறிந்து வாங்காவிட்டால், கூரையேறியதெல்லாம் வீணாகும். பட்டறிந்தவள் என்ற முறையில் சில செய்திகளைத் தோழியருக்குக் கூற விழைகிறேன்.

பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், அது பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றும். நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். இதனைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945-இல் ஆர்தர் கிளார்க் எழுதினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1975-76-இல், ஏ.டி.எஸ்.-6 என்ற செயற்கைக்கோள் வழியாக இந்தியாவின் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. அக்கிராமங்களில் இருந்த டிஷ்கள் எதனால் ஆனவை தெரியுமா? கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலையால்! அதே ஒளிபரப்பை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஸ்டீபன் பர்கில் என்ற பொறியாளர் தாமே அமைத்த கருவியால் வீட்டிலிருந்தே கண்டார். 1976-இல் அமெரிக்கப் பேராசிரியர் டெய்லர் ஹோவர்டும் தம் வீட்டில் டிஷ் அமைத்தார். இவ்வாறு தோன்றியதே இந்தப் பொழுதுபோக்குக் கலை.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கொடைக்கானல் மலைச்சரிவில் ஒரு பள்ளத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது அக்கா பதினொன்றாம் வகுப்பு. கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது, கேபிளும் இல்லை. 2017-இல் தொடங்கிய ‘ஸ்வயம் பிரபா’ கல்வி அலைவரிசைகள் ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக இலவசமாக வருகின்றன என்றும், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பாடங்கள் அவற்றில் உண்டு என்றும் கேள்விப்பட்ட அப்பா, டவுனுக்குச் சென்று எண்ணூறு ரூபாய்க்கு ஒரு பழைய பெட்டியை வாங்கி வந்தார். செய்தியும் பாட்டும் வந்தன. பாடம் மட்டும் வரவில்லை. இரண்டு வாரம் அப்பா கூரைக்கும் கூடத்துக்குமாக ஏறி இறங்கினார். குற்றம் டிஷ்ஷில் இல்லை, பெட்டியில்தான் இருக்கிறது என்பதை, ரேடியோ பழுது பார்க்கும் மாமா வந்த பிறகுதான் அறிந்தோம். விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அம்மாவின் சீட்டுப் பணத்தில்தான் இரண்டாவது பெட்டி வந்தது.

மாமா எங்களுக்கு விளக்கியவை இவை:

முதலாவது, டிஷ். செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் இரு வகை அலைகளில் ஒளிபரப்புகின்றன. சி-பேண்ட் ஏறக்குறைய 4 கிகாஹெர்ட்ஸ். அதற்கு 6 முதல் 8 அடி டிஷ் வேண்டும். மழைக்கு எளிதில் அஞ்சாது. கே.யு.-பேண்ட் 11, 12 கிகாஹெர்ட்ஸ், 60 செ.மீ. டிஷ் போதும், ஆனால் கனமழையில் படம் நின்றுவிடும். டிஷ்ஷின் முன்னே நிற்கும் எல்.என்.பி. என்ற கருவி, இரண்டையும் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குத் தாழ்த்தி அனுப்புகிறது. ஆகவே ஒரே பெட்டி இரண்டுக்கும் பயன்படும், எல்.என்.பி. எந்த வகை என்பதை அதன் அமைப்பில் குறித்தால் போதும்.

இரண்டாவது, பெட்டி அறிந்த மொழி. ஒளிபரப்பை அலையில் ஏற்றும் முறையில் டி.வி.பி.-எஸ். பழையது, டி.வி.பி.-எஸ்2 புதியது. படத்தைச் சுருக்கும் முறையில் எம்பெக்-2 பழையது, எம்பெக்-4 புதியது. புதிய பெட்டி பழைய முறைகளையும் படிக்கும். பழைய பெட்டிக்குப் புதியது தெரியாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். எங்களுக்கு நேர்ந்ததும் இதுவே. எனவே பெட்டியின்மேல் ‘எஸ்2’, ‘எம்பெக்-4’ என்ற இரண்டும் எழுதியிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குக.

மூன்றாவது, பெட்டி யாருக்குக் கட்டுப்பட்டது என்பது. மாதச் சந்தா வாங்கும் நிறுவனங்களின் பெட்டி பொதுவாக அந்நிறுவனத்தின் ஒளிபரப்புக்கே உரியது. பிரசார் பாரதியின் ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் இல்லை; 2004 டிசம்பரில் வேறு பெயரில் தொடங்கிய சேவை அது. பல செயற்கைக்கோள்களைத் தேடிப் பார்க்கும் ஆர்வமுடையோர், ‘பிளைண்ட் ஸ்கேன்’ வசதியுள்ள கட்டுப்பாடற்ற பெட்டியை வாங்கலாம். அதிர்வெண் தெரியாவிட்டாலும் அது தானே தேடிக் கண்டுபிடிக்கும். கணினியில் பொருத்தும் ட்யூனர், அலையின் தன்மையை நுணுகி ஆராய உதவும். ஆனால் கணினி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டி தாமே போட்டுப் பார்க்க அது ஏற்றதன்று. பூட்டிய அலைவரிசைகளைக் காசில்லாமல் திறந்து காட்டும் என்று ஆசைகாட்டி விற்கும் பெட்டியோ, அடுத்த வீட்டுச் சாவியைப் போன்றது. அதைத் தொடாதிருப்பதே நேர்மை.

நான்காவது, திரையில் தோன்றும் இரு கோடுகள். ‘ஸ்ட்ரெங்த்’ என்பது எல்.என்.பி.யிலிருந்து ஏதோ வருகிறது என்பதை மட்டும் சொல்லும். வானத்தின் வெற்று இரைச்சலிலும் அது உயர்ந்து நிற்கும். ‘குவாலிட்டி’ உயர்ந்தால்தான் படம் வரும். முதற் கோட்டை நம்பி ஏமாறாமல் இரண்டாவது கோட்டைப் பார்த்தே டிஷ்ஷைத் திருப்ப வேண்டும். ஒரு விரல் அளவு திருப்பிச் சற்றுப் பொறுத்திருந்து பார்த்தல் நலம்.

மலையின் மறைவில் கைப்பேசி அலை எட்டாத எங்கள் பள்ளத்திற்குச் செயற்கைக்கோளின் அலை மட்டும் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். ஜிசாட்-15, கிழக்கு 93.5 பாகையில் நிற்கிறது. எங்கள் பகுதியிலிருந்து நோக்கினால், கிழக்கிலிருந்து தெற்காக ஏறக்குறைய 32 பாகை தள்ளி, அடிவானிலிருந்து 68 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சிக்கு அருகில் இருக்கிறது. ஆதலால் சுற்றியுள்ள மலைகள் அதனை மறைப்பதில்லை. மறைக்க இருந்தது எங்கள் பலாமரத்தின் ஒரு கிளை மட்டுமே. அதை அப்பா வெட்டினார்.

முதன்முதலாகப் பாடம் திரையில் தோன்றிய அன்று, அக்கா நோட்டுப் புத்தகத்தை எடுக்க ஓடினாள். அப்பா ஒன்றும் பேசாமல் ஏணியை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அக்கா இன்று செவிலியர் கல்லூரி மாணவி. பழைய பெட்டியை நான் எறிய விடவில்லை. அதைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே இருப்பவற்றின் பெயர்களைக் கற்றுக்கொண்டேன்.

தோழியரே! பொருள் மலிவாகக் கிடைக்கிறதே என்று மட்டும் பாராமல், நமக்கு வேண்டியதை அது செய்யுமா என்று கேட்டு, கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். கேட்பதில் வெட்கமில்லை, கேளாமல் வாங்கினால்தான் இரண்டு வாரம் கூரையேற நேரும்.