தவக்குல்: ஓடிய கால்களும் ஊறிய நீரும்

வழக்குடையார் ஒருவர் வக்கீலை அமர்த்துகிறார். வழக்கை அவரிடம் ஒப்படைத்தபின் அவர்தம் உள்ளம் அமைதி பெறுகிறது. ஆயினும், ஆவணங்களைத் தேடித் தருவதும் வாய்தா நாளில் தவறாது சென்று நிற்பதும் அவர் கடமையாகவே இருக்கின்றன. தமிழில் நாம் நாள்தோறும் வழங்கும் 'வக்கீல்' என்னும் சொல்லும், 'தவக்குல்' என்னும் இஸ்லாமியக் கலைச்சொல்லும் அரபு மொழியில் ஒரே வேரினின்றும் கிளைத்தவை. பொறுப்பை ஒப்படைத்தல் என்பது அவ்வேரின் பொருள். இறைவனின் திருநாமங்களுள் 'அல்வகீல்' என்பதும் ஒன்றாகும். வறுமையிலும் நெருக்கடியிலும் நம் காரியத்தை அவனிடம் ஒப்படைத்து உள்ளம் தேறுதலே தவக்குல்.

ஒப்படைத்தல் என்பது கைகட்டி அமர்ந்திருத்தல் ஆகுமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்புவதா, கட்டாமல் விட்டுவிட்டு நம்புவதா என வினவிய ஒருவரிடம், முதலில் கட்டிப் பின்னர் நம்புமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காலையில் ஒட்டிய வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவைகளையும் அவர்கள் உவமை காட்டினார்கள். பறவைக்கும் இரணம் அளப்பவன் இறைவனே. எனினும் அது கூட்டைவிட்டுப் பறந்தாக வேண்டும் என்பது ஈண்டு நினையத்தக்கது.

இவ்வுண்மைக்கு உயிர்ச்சான்றாக விளங்குபவர் அன்னை ஹாஜரா (அலை) அவர்கள். புல்பூண்டற்ற மக்கா பள்ளத்தாக்கில், ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு தோற்பை நீருமே துணையாக, கைக்குழந்தை இஸ்மாயீலுடன் அவர்கள் விடப்பட்டார்கள். இஃது இறைக்கட்டளை என்பதைக் கேட்டறிந்ததும், அவ்வாறாயின் அவன் நம்மைக் கைவிடான் என்று அமைதி கொண்டார்கள். நீர் தீர்ந்தது; குழந்தை தாகத்தால் துடித்தது. அப்போது அவ்வன்னை அமர்ந்திருக்கவில்லை. ஸஃபாவிலிருந்து மர்வாவுக்கும், மர்வாவிலிருந்து ஸஃபாவுக்குமாக ஏழு முறை விரைந்தார்கள். ஆறு ஓட்டங்கள் வெறுமையாகவே முடிந்தும் ஏழாவது ஓட்டத்தை அவர்கள் கைவிடவில்லை. முடிவில் நீர் ஊறியதோ, ஓடித் தேடிய குன்றுகளில் அன்று. குழந்தை கிடந்த இடத்தருகே! முயற்சி ஓரிடத்தில், அருள் வேறோரிடத்தில். உழைப்பு அருளுக்கு விலையாகாது என்பதும், ஆயினும் உழைப்பின்றி இருத்தல் ஆகாது என்பதும் இதனால் விளங்கும். பொங்கிய நீரைக் கையால் கரைகோலித் தோற்பையில் நிரப்பிக்கொண்டார்கள் என்னும் செய்தி, கிடைத்ததைப் பேணுதலும் தவக்குலின் பகுதியே என உணர்த்துகின்றது. ஹஜ்ஜும் உம்ராவும் செய்வோர் இன்றும் அவ்வோட்டத்தைத் தம் கால்களால் நினைவுகூர்கின்றனர்.

கி.பி. 622இல் மக்காவைத் துறந்து மதீனா அடைந்தோருள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் ஒருவர். மதீனாவாசியான ஸஃது இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியை அவருக்கு அளிக்க முன்வந்தார்கள். அவரோ வாழ்த்துரைத்து, கடைத்தெருவுக்கு மட்டும் வழி கேட்டார். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்று வாழ்வை மீண்டும் தொடங்கினார். பிற்காலத்தில் பெருவணிகராகவும் பெருங்கொடையாளராகவும் திகழ்ந்தார்.

இந்நிகழ்ச்சியில் வாங்க மறுத்தவரின் மாண்பை மட்டும் கண்டு, கொடுக்க முன்வந்தவரை நாம் மறந்துவிடலாகாது. தவக்குல் என்பது இல்லாதவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். உள்ளவர் இல்லாதவருக்கு வழங்கும் வெற்று அறிவுரை அன்று. தேர்வுக் கட்டணம் செலுத்த வழியின்றி நிற்கும் மாணவனை நோக்கி, 'அல்லாஹ் பார்த்துக்கொள்வான்' என்று கூறிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அவன் பார்த்துக்கொள்ள அனுப்பிய ஆளே நாமாக இருக்கலாம் என்பதை எண்ணுவதில்லை. ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனைத் தீர்ப்பு நாளையே பொய்யாக்குபவனோடு சேர்த்துக் கண்டிக்கிறது திருக்குர்ஆனின் 107ஆம் அத்தியாயம். நாற்பதில் ஒரு பங்கை ஸகாத்தாகக் கடமையாக்கிய மார்க்கம், ஒருவரின் இரணத்தை மற்றவர் கைவழியே அனுப்பும் ஏற்பாட்டையும் செய்திருக்கிறது.

தேவையுற்றபோது ஓடும் கால்களையும், வசதியுற்றபோது நீளும் கைகளையும், இருநிலையிலும் கலங்காத உள்ளத்தையும் வல்ல நாயன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.