டெக்சாஸ் ஹோல்டெம்: வியப்பூட்டும் சில செய்திகள்

டெக்சாஸ் ஹோல்டெம் என்பது போக்கர் என்னும் சீட்டாட்டத்தின் ஒரு வகை. இன்று உலக அளவில் மிக அதிகமாக ஆடப்படும் போக்கர் வகையும் இதுவே. திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் இதன் வரலாறும் இதற்குள் இருக்கும் கணக்கும் பலருக்குத் தெரியாது. இந்த ஆட்டத்தில் வெல்வது அதிர்ஷ்டமா, திறமையா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கிலேயே விடை இருக்கிறது.

ஆட்டமுறை

52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டு பயன்படுகிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். அவற்றை உரியவர் மட்டுமே பார்க்கலாம். பிறகு மேசையின் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறந்து வைக்கப்படும். முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று. இவை முறையே பிளாப், டர்ன், ரிவர் எனப்படும். கையில் உள்ள இரண்டு, பொதுவில் உள்ள ஐந்து ஆக ஏழு சீட்டுகளிலிருந்து சிறந்த ஐந்தைத் தேர்ந்து வரிசை சேர்க்க வேண்டும்.

பொதுச் சீட்டுகள் திறப்பதற்கு முன் ஒரு முறையும், ஒவ்வொரு கட்டம் திறந்த பின் ஒரு முறையுமாக நான்கு சுற்றுகளில் பணயம் கட்டலாம். மற்றவர் கட்டிய தொகைக்கு ஈடுகட்ட விரும்பாதவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். எல்லோரும் விலகிவிட்டால், எஞ்சியிருப்பவர் சீட்டைக் காட்டாமலே பணத்தை எடுத்துக்கொள்வார். வெறுங்கையோடு பெருந்தொகை கட்டி எதிராளியை விலகச் செய்யும் ‘பிளஃப்’ உத்திக்கு இதுவே இடம் தருகிறது.

பிறந்த ஊரும் வளர்ந்த ஊரும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ராப்ஸ்டவுன் என்ற சிற்றூரே இதன் பிறப்பிடம் என அம்மாநிலச் சட்டமன்றம் 2007இல் தீர்மானம் மூலம் அங்கீகரித்தது. ஆட்டம் தோன்றியது 1900களின் தொடக்கத்தில் என்று கருதப்படுகிறது. ஆனால் டெக்சாஸில் வணிகச் சூதாட்ட விடுதிகளுக்கு அனுமதி இல்லை. ஆகவே டெக்சாஸின் பெயரைத் தாங்கிய இந்த ஆட்டம் புகழ் பெற்றது நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகாஸ் நகரில்தான். 1960களில் டெக்சாஸ் ஆட்டக்காரர்கள் சிலர் அதை அங்கே கொண்டு சென்றனர்.

அந்நகரில் 1970இல் உலகப் போக்கர் தொடர் தொடங்கியது. அந்த முதல் ஆண்டின் வாகையரை ஆட்டத்தின் முடிவு தீர்மானிக்கவில்லை. கலந்துகொண்டவர்கள் வாக்களித்து ஜானி மாஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்தனர்! அடுத்த ஆண்டிலிருந்துதான் கைவசம் உள்ள வில்லைகள் தீர்ந்தவர் வெளியேற, கடைசிவரை நிற்பவரே வெற்றியாளர் என்ற முறை வந்தது.

டாய்ல் பிரன்சன் 1976, 1977 ஆகிய இரண்டு ஆண்டுகளும் முதன்மைப் போட்டியை வென்றார். இரண்டு முறையும் அவருடைய கடைசி ஆட்டத்தில் கையில் இருந்தவை பத்தும் இரண்டும். பொதுவாக யாரும் விரும்பாத இந்தச் சேர்க்கை அன்று முதல் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

எண்கள் சொல்லும் செய்தி

52 சீட்டுகளிலிருந்து இரண்டை 1,326 விதங்களில் எடுக்கலாம். தொடக்கக் கைகளில் மிக உயர்ந்தது ஏஸ் ஜோடி. அது கிடைக்கும் வாய்ப்பைப் பள்ளிக் கணக்காகவே போடலாம். முதல் சீட்டு ஏஸாக இருக்க 52இல் 4 வாய்ப்பு. இரண்டாவதும் ஏஸாக இருக்க 51இல் 3. இரண்டையும் பெருக்கினால் 221இல் ஒன்று.

அப்படிக் கிடைத்தாலும் வெற்றி உறுதியில்லை. எதிராளியிடம் ராஜா ஜோடி இருந்து, ஐந்து பொதுச் சீட்டுகளும் திறக்கப்பட்டால், ஏஸ் ஜோடி நூற்றுக்குச் சுமார் 82 முறையே வெல்லும். மேசையில் வேறு ஒன்பது பேர் இருந்து, எவரும் விலகாமல் கடைசிவரை ஆடினால், அதே ஏஸ் ஜோடி வெல்வது நூற்றுக்கு ஏறத்தாழ 31 முறைதான்.

இன்னொரு வியப்பும் உண்டு. ஐந்து சீட்டுகளை மட்டும் எடுத்தால், ஜோடிகூட இல்லாத வெறுங்கை அமையும் வாய்ப்பு சுமார் 50 விழுக்காடு. ஏழு சீட்டுகளில் சிறந்த ஐந்தை எடுக்கும்போது அது 17 விழுக்காடாகக் குறைகிறது. ஒரு ஜோடி 44 விழுக்காடும் இரண்டு ஜோடி 23 விழுக்காடும் வந்துவிடும். அதாவது ஒன்றுமே அமையாமல் இருப்பது ஒரு ஜோடியைவிட அரிது. இருந்தும் வரிசையில் அதற்கே கடைசி இடம். ஐந்து சீட்டு ஆட்டத்துக்கு ஏற்பட்ட தரவரிசையை அப்படியே எடுத்துக்கொண்டதன் விளைவு இது. ஒரு ஜோடி விழுந்ததும் வென்றுவிட்டோம் என்று புதியவர்கள் நினைப்பதும் இங்கேதான் தவறாகிறது. எதிரில் இருப்பவருக்கும் ஜோடி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

தொலைக்காட்சியும் இணையமும்

கவிழ்த்த சீட்டைப் பார்க்க முடியாததால் போக்கர் நீண்ட காலம் தொலைக்காட்சிக்கு ஏற்றதாக இல்லை. மேசைக்குள் கேமரா பொருத்தி அச்சீட்டுகளைப் பார்வையாளருக்குக் காட்டும் முறைக்கு 1995இல் காப்புரிமை பெற்றவர் ஹென்றி ஓரன்ஸ்டீன். போலந்தில் பிறந்து, நாஜி வதை முகாம்களிலிருந்து உயிர் தப்பி, அமெரிக்காவில் பொம்மைத் தொழிலில் புகழ்பெற்றவர் அவர். ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ பொம்மைகள் அமெரிக்கச் சந்தைக்கு வந்ததிலும் அவருக்குப் பங்குண்டு.

2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், 86 டாலர் கட்டி ஆடிய இணையத் தகுதிச்சுற்றின் வழியே உலகத் தொடருக்கு வந்து 25 லட்சம் டாலர் வென்றார். பணம் பண்ணுபவர் என்று பொருள்படும் அது புனைபெயர் அல்ல, அவருடைய உண்மையான குடும்பப் பெயர். அந்த ஆண்டு முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடினர். 2006இல் அந்த எண்ணிக்கை 8,773 ஆயிற்று.

கணினி கற்றுக்கொண்ட பிளஃப்

பிளஃப் என்பது துணிச்சலும் முகபாவமும் சார்ந்தது என்றே பலரும் நினைக்கின்றனர். கணினிக்கு முகமில்லை. ஆனாலும் அது பிளஃப் செய்கிறது. எந்த நிலையில் எத்தனை விழுக்காடு பொய்யாகப் பணயம் கட்டினால் எதிராளியால் ஊகிக்க முடியாது என்பதைக் கணித்தே அது அவ்வாறு செய்கிறது.

இருவர் மட்டும், வரம்பிட்ட பணயத்தில் ஆடும் ஹோல்டெம் வகைக்கு ஏறத்தாழ முழுமையான தீர்வு கண்டுவிட்டதாக 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவர்களுடைய நிரலின் பெயர் செஃபியஸ். 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் நிரல், வரம்பில்லாப் பணயத்தில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் வென்றது. 2019இல் புளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் ஆடும் மேசையிலும் வென்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறமையில் ஓங்கிய நிரலும்கூடத் தன் மேன்மையை நிறுவ 1,20,000 கைகள் தேவைப்பட்டன. நூறு, இருநூறு கைகளில் யார் வல்லவர் என்று சொல்ல இயலாது. திறமை இருக்கிறது, ஆனால் அது மிக மெதுவாகவே வெளிப்படும். ஒரே இரவில் வென்றவர் அதைத் தன் திறமை என்று நம்புவதே பெரும்பாலான இழப்புகளின் தொடக்கம்.

பணம் எங்கே போகிறது?

போக்கரில் விடுதி ஆடுவதில்லை. ஆட்டக்காரர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வெல்கின்றனர். விடுதியோ இணையத்தளமோ இடையில் ஒரு கழிவை எடுத்துக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, பத்துப் பேர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் அமர்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். மேசையில் 10,000 ரூபாய். மணிக்கு 30 கைகள், கைக்கு 20 ரூபாய் கழிவு என்றால், ஐந்து மணி நேரத்தில் 3,000 ரூபாய் போய்விடும். எஞ்சிய 7,000 ரூபாயை அவர்கள் எப்படிப் பங்கிட்டுக்கொண்டாலும், பத்துப் பேருமே இலாபத்துடன் எழுந்திருக்க முடியாது. சற்றே திறமையானவர்கூடக் கழிவைத் தாண்டி வென்றால்தான் முதலைக் காப்பாற்றுவார்.

இந்தியச் சட்டத்தில்

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என வகைப்படுத்தியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று கூறியது. ஆனால் அவ்விரு ஆட்டங்களையும் அதிர்ஷ்டப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது.

வாய்ப்பியலை விளக்க ஹோல்டெம் நல்ல எடுத்துக்காட்டு. புளியங்கொட்டையைப் பணயமாக வைத்து வீட்டில் ஆடினாலும் மேலே சொன்ன கணக்குகள் அனைத்தையும் சரிபார்க்கலாம். அதற்குப் பணம் தேவையில்லை.