மலையேறும் முன் பழைய புல்லட்
1955 முதல் சென்னையில் உருவான வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் திருப்பதி செல்வோர் நம் வாடிக்கையாளர்களிடையே இன்றும் உண்டு. எண்ணெய் கசிந்தால் உடனே பேக்கிங்கை மாற்றச் சொல்வர். நாம் முதலில் பார்க்க வேண்டியது பிரீதர் குழாயை. அது அடைபட்டால் கிராங்க்கேஸினுள் அழுத்தம் பெருகி, நல்ல பேக்கிங் வழியாகவும் எண்ணெய் வெளியேறும். இடப்புறச் செயின் மூடியைப் பிடித்திருப்பது ஒரே நட்டு. அதை மிகையாக முறுக்கினால் மூடி வளைந்து கசிவு கூடும். அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் இதற்கு விலக்கல்லர்.

எஞ்சின் திணறினால், கார்புரேட்டரைக் கழற்றுமுன் பாயிண்ட் இடைவெளியை அளக்கவும்: 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருத்தல் வேண்டும்.

திருமலையிலிருந்து இறங்கும் பாதை 1944இல் திறக்கப்பட்டது. கொண்டையூசி வளைவுகள் நிறைந்தது. பின்சக்கரத்தில் படியும் சில துளி எண்ணெயே அங்கு வண்டியைச் சறுக்க வைத்துவிடும். கசிவு நிற்காத வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறுவதையே நாம் பரிந்துரைப்போம்.